கூட்டு வாழ்வைக் கற்பிக்க முடியுமா? உஜாமா முதல் உபுண்டு வரை

1962 ஏப்ரலில் ஜூலியஸ் நைரேரே ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். தங்கனிக்கா (இன்றைய தான்சானியாவின் பெரும்பகுதி) விடுதலை அடைந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. பிரதமர் பதவியை ஜனவரியிலேயே விட்டுவிட்டுக் கட்சியை அடிமட்டத்திலிருந்து கட்டும் வேலையில் அவர் இறங்கியிருந்தார். அரசியலுக்கு வருமுன் பள்ளி ஆசிரியர். நாட்டு மக்கள் கடைசிவரை அவரை 'ம்வாலிமு', அதாவது வாத்தியார், என்றே அழைத்தார்கள். உஜாமா என்று அவர் பெயரிட்ட ஆப்பிரிக்கக் கூட்டு வாழ்வை விளக்கும் அந்தப் பிரசுரத்தில் இரண்டு கூற்றுகள் வருகின்றன. ஆப்பிரிக்கருக்குச் சோஷலிசத்தை எவரும் வந்து போதிக்க வேண்டியதில்லை, அது அவர்களுடைய பழைய குடும்ப வாழ்விலேயே இருந்தது என்பது ஒன்று. காலனி ஆட்சி அந்த மனப்பாங்கைக் கெடுத்துவிட்டது, ஆகவே தம்மைத் தாமே மறுபடி பயிற்றுவித்துக்கொள்வதே முதல் வேலை என்பது மற்றொன்று.

கற்பிக்கத் தேவையில்லாத ஒன்றை மறுபடி கற்பிக்க வேண்டியிருக்கிறது. இந்த முரணை அவர் அவிழ்க்கவில்லை. அவருக்குப் பின் வந்தவர்களும் முழுதாக அவிழ்த்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் அதன் மேல் நின்றுகொண்டே அறுபது ஆண்டுகளாகப் பலர் பாடம் நடத்தியிருக்கிறார்கள்: புரூக்ளினில் சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்த்த ஆசிரியர்கள், தெற்குத் தான்சானியாவின் ருவூமா காட்டோரத்தில் சோளம் விதைத்த இளைஞர்கள், கோடை விடுமுறையில் விமானம் ஏறிய மாணவர்கள். ஒருவரோடொருவர் பிணைந்து வாழும் நெறியைத் தாமாக முன்வந்த தொண்டர்கள் மற்றவருக்குக் கற்றுத்தர முடியுமா? தம் மக்களுக்கே முடியுமா, கடல் கடந்து போனால் முடியுமா? இக்கேள்விக்குக் கிடைத்திருக்கும் முக்கியமான பதில்களையும் அவற்றின் ஓட்டைகளையும் பார்க்கலாம்.

மீட்டெடுக்கலாம் என்போர்

முதல் பதில், கைவிட்டுப்போன மரபை மீட்டெடுத்துக் கற்பிக்கலாம் என்பது. 1965 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில் கறுப்பின மக்களின் கொந்தளிப்பு வெடித்து 34 பேர் இறந்தார்கள். அதன் பின்விளைவாக எழுந்த பண்பாட்டு இயக்கங்களுள் ஒன்றை நடத்தியவர் மௌலானா கரேங்கா. 1966 டிசம்பர் 26 தொடங்கி ஏழு நாள் கொண்டாடும் குவான்சா விழாவை அவர் வடிவமைத்தார். நாளுக்கு ஒரு நெறி: ஒற்றுமை, தன் வழியைத் தானே தீர்மானித்தல், கூட்டுப் பொறுப்பு, கூட்டுப் பொருளாதாரம், நோக்கம், படைப்பாற்றல், நம்பிக்கை. பெயர்கள் எல்லாம் சுவாஹிலியில். நான்காவது நெறியின் பெயர் உஜாமா. நைரேரேயின் சொல் ஐந்தே ஆண்டுக்குள் அட்லாண்டிக்கைத் தாண்டிவிட்டது.

இந்த ஏழு நெறிகள் வெறும் விழாச் சடங்காக நின்றுவிடவில்லை. 1968இல் நியூயார்க்கின் ஓஷன் ஹில்-பிரவுன்ஸ்வில் பகுதியில், பள்ளிகளை யார் நிர்வகிப்பது என்று கறுப்பினப் பெற்றோருக்கும் ஆசிரியர் சங்கத்துக்கும் பெரும் மோதல் நடந்தது. அந்தப் போராட்டத்திலிருந்து வெளியேறிய ஆசிரியர் ஜிட்டு வெயூசியும் அவருடைய தோழர்களும் புரூக்ளினில் 'தி ஈஸ்ட்' என்ற அமைப்பை உருவாக்கி, 1970இல் 'உஹுரு சாசா' என்ற பள்ளியைத் தொடங்கினார்கள். அரசுப் பணத்தை நம்பாமல், பெற்றோர் கட்டணத்திலும் நன்கொடையிலும் தொண்டர் உழைப்பிலும் அது நடந்தது. 1971இல் பள்ளிக்குப் பணம் சேர்ப்பதற்காகத் தொடங்கிய தெருவிழா பின்னாளில் புரூக்ளினின் பெரிய ஆப்பிரிக்கக் கலைவிழாவாக வளர்ந்தது. பள்ளியோ 1980களில் மூடப்பட்டது. இத்தகைய தனிப்பள்ளிகளை இணைக்க 1972இல் நாடளாவிய கூட்டமைப்பு ஒன்றும் அமைந்தது.

இந்தப் போக்கின் மீது இரண்டு பழைய குற்றச்சாட்டுகள் உண்டு. அமெரிக்கக் கறுப்பினத்தவரின் முன்னோர் பெரும்பாலும் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவிலிருந்து கடத்தப்பட்டவர்கள். அப்படியிருக்கக் கிழக்குக் கரை மொழியில் பெயர் சூட்டிய நெறி யாருடைய மரபு? அடுத்தது, ஒருவர் உட்கார்ந்து எழுதிய பட்டியலை மரபு என்று சொல்லலாமா? இவ்விரண்டும் பார்வைக்குத் தெரிகிற அளவு கனமானவை அல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது. எந்த விழாவையும் எப்போதோ யாரோ ஏற்படுத்தியிருக்கிறார்கள்; ஏற்படுத்தியவர் பெயர் மறந்துபோனால் அது மரபாகிவிடுகிறது. கரேங்காவும் தாம் பல ஆப்பிரிக்க அறுவடை விழாக்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்ததாக வெளிப்படையாகவே சொன்னவர்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கரேங்காவின் இயக்கம் தொடக்க ஆண்டுகளில் பெண்களை ஆண்களுக்குத் துணை நிற்பவர்களாக மட்டுமே வைத்தது. பின்னர்தான் அந்தக் கொள்கை திருத்தப்பட்டது. இரு பெண்களைக் கொடுமைப்படுத்திய வழக்கில் 1971இல் கரேங்காவுக்குத் தண்டனை கிடைத்தது. குற்றச்சாட்டை அவர் மறுத்தார். ஒற்றுமை என்ற முதல் நெறி, உள்ளே இருப்பவர் வாயை அடைக்கவும் பயன்படும் என்பதை அந்த ஆண்டுகள் காட்டின. பழைய குடும்ப வாழ்விலும் இது இல்லாமல் இல்லை. மரபுச் சமூகத்தில் பெண்கள் தாழ்ந்த நிலையில் இருந்தார்கள், தம் பங்குக்கு மேல் உழைத்தார்கள் என்று 1967இல் நைரேரேயே ஒப்புக்கொண்டார். மீட்டெடுப்போர் எதை மீட்கிறார்கள், எதை விட்டுவிடுகிறார்கள் என்ற தேர்வை யாரேனும் செய்துதான் ஆக வேண்டும். அதைச் செய்பவர் பெரும்பாலும் ஆசிரியர்தான்; கற்பவர்களுக்கு அதில் பேச்சில்லை.

லிடோவாவில் நடந்தது

இரண்டாவது பதில், நெறியைச் சொல்லித்தர முடியாது, சேர்ந்து உழைத்தால்தான் அது படியும் என்பது. இதற்குக் கிடைக்கும் மிகச் செறிவான சான்று தெற்குத் தான்சானியாவில் சோங்கேயாவுக்கு அருகிலிருந்த லிடோவா என்ற சிற்றூர்.

1960இல் ஆளவிருந்த கட்சியின் இளைஞர் அணியைச் சேர்ந்த ஒரு சிறு குழு, இன்டிம்பாஞ்சாயோ மில்லிங்கா என்பவரின் தலைமையில் அங்கே குடியேறியது. கொள்கை நிறைய இருந்தது, சாப்பாடு இல்லை. முதல் விளைச்சல் வரும்வரை எதைத் தின்பது என்று எவரும் யோசிக்காததால் முயற்சி கலைந்தது. அடுத்த முறை அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு வந்தார்கள், ஊர் நிலைத்தது. 1963இல் அண்டையூர்களும் சேர்ந்து ருவூமா வளர்ச்சிச் சங்கம் உருவாயிற்று. பிறகு பதினைந்துக்கும் மேற்பட்ட ஊர்கள் அதில் இணைந்தன. மாவரைக்கும் ஆலையும் மர அறுவை ஆலையும் சங்கத்துக்குச் சொந்தமாயின.

அங்கே கூட்டு வாழ்வைக் கற்பித்த விதம் கவனிக்கத்தக்கது. புதிதாக ஓர் ஊர் சேர விரும்பினால், பழைய ஊரிலிருந்து அனுபவப்பட்ட சிலர் போய் அங்கேயே தங்குவார்கள்; அவ்வூராரோடு சேர்ந்து வயலில் இறங்குவார்கள். சொற்பொழிவு இல்லை. எவ்வளவு நிலத்தைப் பொதுவாக வைப்பது, விளைச்சலை எப்படிப் பங்கிடுவது என்பதை அந்தந்த ஊர்க்கூட்டமே முடிவு செய்தது. சங்கம் நடத்திய பள்ளியிலும் பிள்ளைகள் தங்களுக்கான உணவைத் தாங்களே பயிரிட்டார்கள். அந்தப் பணியை எப்படிப் பிரித்துக்கொள்வது என்று பேசித் தீர்மானிப்பதும் படிப்பின் பகுதியாக இருந்தது.

வெளியாள் ஒருவரும் அங்கே இருந்தார். ரால்ஃப் இபட் என்ற ஆங்கிலேயர், கட்டட அளவையாளர். அன்றைய தெற்கு ரொடீஷியாவில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து நடத்திய செயின்ட் ஃபெய்த்ஸ் பண்ணையில் வேலை பார்த்த பிறகு, குடும்பத்தோடு லிடோவாவுக்கு வந்து ஆலோசகராக இருந்தார். ஆலோசனை சொல்லலாம், முடிவு ஊராருடையது என்பதே ஏற்பாடு. கூட்டு வாழ்வைத் தொண்டர் கற்பிப்பது பற்றிப் பேசும்போது, சில வாரம் வந்துபோகும் மாணவரையும் பிள்ளைகுட்டியோடு அதே ஊரில் ஆண்டுக்கணக்கில் தங்கியவரையும் 'தன்னார்வலர்' என்ற ஒரே தலைப்பில் அடைப்பது ஆய்வுக்கு உதவாது.

இந்தச் சான்றின் குறை அதன் முடிவில் இருக்கிறது. 1969 செப்டம்பரில் ஆளும் கட்சியின் மத்தியக் குழு சங்கத்தைக் கலைத்தது. ஆலைகளும் வண்டிகளும் பறிமுதலாயின, வெளியார் வெளியேற்றப்பட்டார்கள். உஜாமா ஊர்களைக் கட்சிதான் கட்ட வேண்டும் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. வட்டார அதிகாரிகளுக்குத் தங்கள் பேச்சைக் கேட்காத ஊர்கள் பிடிக்கவில்லை என்று இபட் உள்ளிட்டோர் பின்னர் எழுதினார்கள். இன்னும் இருபது ஆண்டு விட்டிருந்தால் லிடோவா என்னவாகியிருக்கும் என்பதற்குப் பதில் கிடையாது. அதைப் புகழ்வோர் இதை மறந்துவிடக் கூடாது: தோற்பதற்கு அதற்கு அவகாசமே கிடைக்கவில்லை.

அரசு வாத்தியாரானபோது

1967இல் ஆட்சித் தலைவராக நைரேரே வெளியிட்ட கல்விக் கொள்கை, ஒவ்வொரு பள்ளியும் தன் வயலில் உழைத்துத் தன் செலவில் ஒரு பங்கைத் தானே ஈட்ட வேண்டும் என்றது. ருவூமா அனுபவத்தின் சாயல் இதில் இருப்பதாகக் கருதுவோர் உண்டு. காகிதத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. நடைமுறையில் பள்ளி வயல் பல இடங்களில் தண்டனைக்களமாயிற்று. மண்வெட்டி பிடிப்பது பரீட்சையில் தோற்கப்போகிறவர்களின் வேலை என்று பெற்றோரும் ஆசிரியரும் நினைத்தார்கள். ஆரம்பப் பள்ளியை முடித்தவர்களில் சிறு பகுதியினருக்கே மேலே இடம் இருந்தது; அந்த இடத்தைத் தனித்தனியே எழுதும் பரீட்சைதான் தீர்மானித்தது. பகலெல்லாம் பகிர்வைப் போதித்துவிட்டு ஆண்டிறுதியில் போட்டியை மட்டும் அளந்தால் பிள்ளைகள் எதைக் கற்பார்கள் என்பது விளங்காத புதிரல்ல.

அதன்பின் வந்தது ஊர்க்குடியேற்றம். 1973 முதல் 1976 வரை குறைந்தது 50 லட்சம் பேர் இடம் மாற்றப்பட்டதாக அரசியலறிஞர் ஜேம்ஸ் ஸ்காட் தம் நூலில் எழுதுகிறார். பல இடங்களில் பலவந்தமாக நடந்தது. பழைய வீடுகள் கொளுத்தப்பட்டதும் உண்டு. மனப்பாங்கு பற்றிய பாடமாகத் தொடங்கியது லாரியில் ஏற்றிக்கொண்டு போவதில் முடிந்தது.

கென்யாவில் ஹராம்பே என்ற பெயரில் ஊரார் காசு போட்டுக் கட்டிய பள்ளிகள் வேறு விதமாகச் சிக்கின: நன்கொடை மேடை அரசியல்வாதிகளின் விளம்பர மேடையாயிற்று. ருவாண்டாவின் கதை இதைவிடக் கடுமையானது. அங்கே உமுகண்டா எனும் கூட்டு உழைப்பை 1970களில் அதிபர் ஹபியாரிமானாவின் அரசு கட்டாயமாக்கியது. 1994 இனப்படுகொலையின்போது ஊராரைத் திரட்ட அதே அமைப்பு முறை பயன்பட்டது. கொலை செய்வதையே 'வேலை' என்று அழைத்தார்கள். இன்றைய அரசு மாதத்தின் கடைசிச் சனிக்கிழமையன்று உமுகண்டாவை மறுபடி நடத்துகிறது. தவறினால் 5,000 ஃபிராங்க் வரை அபராதம். தெருக்கள் சுத்தமாகின்றன, பள்ளிக்கூடங்கள் எழுகின்றன என்பது உண்மை. ஆனால் கூட்டு உணர்வு தன்னளவில் நல்லது, கற்பித்தால் போதும் என்ற கருத்து ருவாண்டாவைத் தாண்டிப் போக முடியாது.

உபுண்டுவும் பழக்கூடையும்

இன்று உலகெங்கும் தொண்டு நிறுவனங்களின் கையேடுகளில் அதிகம் தென்படுவது உஜாமா அல்ல, உபுண்டு. நம்மில் பலருக்கு முதலில் கணினி இயங்குதளமாகவும், பிறகு வாட்ஸ்அப் கதையாகவும் அறிமுகமான பெயர். மானுடவியலாளர் ஒருவர் மரத்தடியில் பழக்கூடை வைத்து ஓட்டப்பந்தயம் அறிவிக்க, ஆப்பிரிக்கச் சிறுவர்கள் கைகோத்துச் சேர்ந்தே ஓடிப் பகிர்ந்து தின்றார்கள் என்ற கதை அது. மானுடவியலாளர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று அக்கதை சொல்வதில்லை.

உபுண்டுவின் பொதுவாழ்வு இந்தக் கதையைவிடச் சுவையானது. மனிதப்பண்பைக் குறிக்கும் பழைய சொல்லாக இருந்த அது, 1980இல் ஜிம்பாப்வேயில் சாம்காங்கே தம்பதியர் எழுதிய நூலின் மூலம் ஓர் அரசியல் தத்துவமாக முன்வைக்கப்பட்டது. 1993இன் தென்னாப்பிரிக்க இடைக்கால அரசியல் சாசனத்தின் பின்னுரையில் இடம்பெற்றது. 1995இல் மரண தண்டனையை ஒழித்த தீர்ப்பில் நீதிபதிகள் அதை எடுத்தாண்டார்கள். பேராயர் டெஸ்மண்ட் டூட்டு அதை, நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை, நல்லிணக்க ஆணையத்தின் உயிர்நாடியாக்கினார். 1996இன் இறுதிச் சாசனத்தில் அது இல்லை. 2001இல் கல்வித்துறை வெளியிட்ட விழுமிய அறிக்கையில் பத்து விழுமியங்களுள் ஒன்றாகத் திரும்பி வந்தது.

தத்துவவாதிகள் இதில் ஒருமித்த கருத்தினர் அல்லர். சமூகம்தான் மனிதரை முழு மனிதராக்குகிறது என்று 1984இல் நைஜீரியாவின் இஃபெயானி மென்கிட்டி வாதிட்டார். அது தனிமனித உரிமையை விழுங்கிவிடும் என்று கானாவின் குவாமே ஜெச்சே இடைவழி ஒன்றை வகுத்தார். ஒரு கண்டமே ஒரே மாதிரி சிந்திக்கிறது என்ற எண்ணமே காலனியக் கற்பனை என்று பெனினின் பாலின் ஹூண்டோன்ஜி 1970களிலேயே சாடினார். பள்ளிக்கல்வி பற்றிப் பென்னி என்ஸ்லினும் காய் ஹோர்ஸ்தெம்கேயும் 2004இல் எழுதிய கட்டுரை, உபுண்டு குடிமைக் கல்விக்கு மாதிரியாகப் போதுமானதா என்று ஐயுற்றது. 2013இல் பெர்னார்ட் மாட்டொலினோவும் வென்செஸ்லாஸ் குவிண்டிங்வியும் உபுண்டுவின் கதை முடிந்துவிட்டது என்றார்கள். சிற்றூர்களுக்குப் பொருந்திய நெறியை மேல்தட்டு அரசியல் தன் வசதிக்கு உயிர்ப்பிக்கிறது என்பது அவர்கள் வாதம். இப்போதுதான் ஆரம்பம் என்று மறு ஆண்டே தாடியஸ் மெட்ஸ் பதிலளித்தார்: மரபு என்பதற்காக அல்ல, அறக்கோட்பாடாக நிற்கிறதா என்று பார்த்து ஏற்கலாம் என்றார்.

2008 மே மாதம் தென்னாப்பிரிக்க நகர்ப்புறக் குடியிருப்புகளில் அண்டை நாட்டவரைத் தாக்கிய வன்முறையில் 60க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். கல்வித்துறையின் விழுமிய அறிக்கையில் உபுண்டு ஏறி ஏழாண்டு ஆகியிருந்தது. இதைக் காட்டி உபுண்டு பொய் என்பது அவசரம். பாடம் வன்முறையைத் தடுக்கும் என்று எதிர்பார்த்ததும் அவசரம்தான். ஆனால் அந்த நெறியின் வட்டத்துக்குள் யார் யார் அடக்கம் என்ற கேள்வியைக் கையேடுகள் பெரும்பாலும் தொடுவதில்லை.

விமானம் ஏறும் தொண்டர்

ஹார்லெமின் கறுப்பினப் பாதிரியார் ஜேம்ஸ் ராபின்சன் 1958இல் முதல் மாணவர் குழுவை மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அழைத்துப் போனார். உள்ளூர் மாணவர்களோடு சேர்ந்து கட்டட வேலை செய்வது திட்டம். பின்னர் அமெரிக்க அதிபர் கென்னடி தொடங்கிய பீஸ் கோர் எனும் தொண்டர் படைக்கு இதுவே முன்னோடி எனப்படுகிறது. அந்த பீஸ் கோர் 1969இல் தான்சானியாவை விட்டு வெளியேற நேர்ந்தது. தற்சார்பு பேசும் நாட்டில் அந்நிய ஆசிரியர்கள் எதற்கு என்ற கேள்வி வலுத்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு மெக்சிகோவில், அமெரிக்க மாணவத் தொண்டர்களின் கூட்டத்திலேயே அவர்களைத் திரும்பிப் போகச் சொன்னார் சிந்தனையாளர் இவான் இல்லிச். விரும்பினால் பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ வராதீர்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். அரை நூற்றாண்டாக வெளிநாட்டுத் தொண்டு பற்றிய விமர்சனங்கள் பெரும்பாலும் அந்த உரைக்கு எழுதிய உரைகளே.

இல்லிச்சுக்குப் பதிலாக அமையும் எடுத்துக்காட்டுகளும் இல்லாமலில்லை. கான்சஸ் சிட்டியின் கறுஞ்சிறுத்தைகள் (பிளாக் பாந்தர்) கட்சித் தலைவராக இருந்த பீட் ஓநீல், வழக்கிலிருந்து தப்பி 1972 முதல் தான்சானியாவில் வாழ்பவர். அவரும் மனைவி சார்லட்டும் அருஷாவுக்கு அருகே 1991இல் ஒரு சமூக மையம் தொடங்கினார்கள். ஊர்ப்பிள்ளைகளுக்கு அங்கே இலவச வகுப்புகள். அமெரிக்க மாணவர்கள் வந்து தங்கிக் கற்பிக்கவும் கற்கவும் செய்கிறார்கள். ஓநீல் விரும்பினாலும் ஊர் திரும்ப முடியாதவராகப் பல்லாண்டு இருந்தார் என்பதையும் சேர்த்துத்தான் இதைப் பார்க்க வேண்டும்.

தொண்டரின் பெரிய வசதி, எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பது. கூட்டு வாழ்வு அந்த வசதியைத் தருவதில்லை. எத்தியோப்பியாவின் இத்திர் எனும் சாவுச் சங்கங்களில் மாதச் சந்தா கட்டாவிட்டாலும், உறுப்பினர் வீட்டு இழவுக்குப் போகாவிட்டாலும் அபராதம் உண்டு. தென்னாப்பிரிக்காவின் ஸ்டோக்வெல் நம்மூர்ச் சீட்டைப் போன்றது; தவணை தவறியவர் பெயர் தெருவெல்லாம் தெரியும். 2005இல் கேப்டவுன் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வு, தென்பகுதி ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளில் ஏழைகள் ஏழைகளுக்கு உதவும் முறைகளை ஆராய்ந்தது. அங்கே உதவி என்பது கருணையைவிடக் கடமையாக, திரும்ப வரவேண்டிய ஒன்றாக இயங்குவதை அது எடுத்துக்காட்டியது. இல்லாதவர்களும் கொடுத்தாக வேண்டிய இந்த வலையை, இருப்பவர் இல்லாதவருக்கு அளிக்கும் தொண்டின் மொழியில் பெயர்த்தால் அதன் எலும்பு கழன்றுவிடுகிறது. கடமையும் தண்டமும் பழிச்சொல்லும் இல்லாமல் இனிமை மட்டும் கையேட்டுக்கு வந்து சேர்கிறது.

தீராதவை

ஆப்பிரிக்க மரபு சார்ந்த விழுமியப் பயிற்சி பெறும் அமெரிக்க இளைஞர்களிடம் தன்மதிப்பும் இன அடையாள உணர்வும் கூடுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. பெரும்பாலும் சிறு குழுக்கள், குறுகிய காலம். தாமாக விரும்பிச் சேர்ந்த குடும்பங்கள். தன்மதிப்பு கூடுவதும் அண்டை வீட்டாரோடு பொறுப்பைப் பகிர்வதும் ஒன்றல்ல. பின்னதை எப்படி அளப்பது என்பதிலேயே உடன்பாடு இல்லை. லிடோவா போன்ற இடங்களைப் பற்றி நமக்கிருப்பவை பெரும்பாலும் அங்கே ஈடுபட்டவர்களின் நினைவுகள்.

இந்த நெறிகள் உண்மையிலேயே ஆப்பிரிக்கத்தன்மை உடையவையா என்ற விவாதம் தகுதிக்கு மேல் இடம்பிடித்துவிட்டதாகத் தோன்றுகிறது. கிடைக்கும் சான்றுகள் வேறு திசையில் சாய்கின்றன. கற்பவருக்குப் பொதுச்சொத்தின் மீது உண்மையான அதிகாரமும், கற்பிப்பவருக்கு அதே கடமைகளும் இருந்த இடங்களில் ஏதோ கொஞ்சம் படிந்திருக்கிறது. பட்டியலாகவும் ஆணையாகவும் வந்த இடங்களில் அவ்வளவாக இல்லை. இதையும் நிறுவப்பட்ட முடிவாகக் கொள்ள முடியாது. லிடோவாக்காரர்கள் தாமாக வந்து சேர்ந்தவர்கள்; அவர்களிடம் அந்த மனப்பாங்கு முன்பே இருந்திருக்கலாம்.

விலக முடியாத பிணைப்பில்தான் நெறி படியும் என்றால், அதிலிருந்து விலக வேண்டிய நிலையில் இருக்கும் பெண்ணும் சிறுபான்மையினரும் என்ன செய்வார்கள் என்பதற்கு உஜாமாவாதிகளிடமோ உபுண்டுவாதிகளிடமோ நிறைவான பதில் இல்லை. ஜெச்சேயின் இடைவழி ஏட்டளவில் நிற்கிறது. ஓர் ஊரின் அபராதப் பட்டியலில் அதை எழுதிப் பார்த்தவர்கள் அரிது.